எப்சிபாவின் விரல்கள்

தொழிலாளர் துறை அதிகாரி வீட்டுக்குள் நுழைந்தபோது, எப்சிபா தைத்துக்கொண்டிருந்த ஷூத் தோல் அவள் மடியிலேயே கிடந்தது. பதினோரு வயதுப் பிள்ளை வேலை செய்வது நிரூபணமானால் தாய்க்குச் சிறை.

"சும்மா வெளையாடிக்கினு இருந்தா சார்," என்றாள் தாய் ரூபாவதி. அதிகாரி பையிலிருந்து ஒரு கருவியை எடுத்து நீட்டினார்.

"நீயும் நானும் பேசி என்னாம்மா ஆவுது? மிசின் சொல்லட்டும்."

சட்டப்படி முகத்தையும் சான்றிதழையும் நம்பக் கூடாது. விரல்தோலைப் படித்துக் கருவி சொல்வதுதான் வயது. கோடை விடுமுறை முழுக்க ஊசியும் பசையும் தின்ற விரல்களை எப்சிபா அதன்மேல் வைத்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது. "வயது முப்பத்தெட்டு. வேலை செய்யலாம்."

அதிகாரி, பாவாடை சட்டையில் நின்ற சிறுமியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கருவியைப் பார்த்தார்.

"சரி, வேலயப் பாருங்க," என்று கிளம்பிவிட்டார்.

ரூபாவதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள்.

மறுநாள் பள்ளி திறந்தது. புதுப் பையோடு ஓடிப்போய், வாசலில் விரல் படிக்கும் கண்ணாடியில் எப்சிபா விரல்களை வைத்தாள். கதவு அசையவில்லை.

"பெற்றோருக்கு இப்போது அனுமதி இல்லை," என்றது இனிமையான குரல். "மாலையில் வந்து உங்கள் குழந்தையை அழைத்துச் செல்லவும்."