டிவியே தேவலாம்

"இதுக்கு டிவியே தேவலாம் தம்பி. அது அழுதுட்டாவது கிடக்கும். இது ஓயாம சுட்டுக்கிட்டே இருக்கே!" பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று காதைப் பொத்திக் காட்டினாள்.

"மன்னிச்சுக்குங்கக்கா. வீடியோ கேம் புதுசா வாங்கினது, ஆசைக்கு ஆடிட்டு இருக்கேன். இதோ குறைச்சுடறேன்" என்று அவன் கையைக் கூப்பினான். முகத்தில் அப்படியொரு சிரிப்பு. பட்டறையில் அவனுக்கு வெல்லம் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

அக்கா அவன் தோளுக்கு மேலாக எட்டி, சமையலறை வாசலில் நின்ற அவன் மனைவியைப் பார்த்தாள். "கொடுத்து வெச்சவ நீ. எங்க வீட்டு மனுஷன் லீவு நாள்ல எந்தத் திசையில இருக்கார்னே தெரியாது."

அக்கா போனதும் வெல்லம் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். சத்தத்தைக் குறைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

டிவி ஓடிய காலத்திலும் சத்தம் இப்படித்தான் இருக்கும். ஆனால் டிவியில் ஒரு குறை உண்டு. சண்டைக் காட்சி என்று நம்பி இவன் கையை ஓங்குவான். அங்கே திடீரென்று யாராவது சத்தமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்த இடைவெளியில் இவள் அலறினால் சுவர் தாண்டிவிடும். அதனால் வாயில் துணியைத் திணித்துவிட்டுத்தான் அடிக்க வேண்டியிருந்தது.

கேமில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே யாரும் அழுவதில்லை. சுட ஆரம்பித்தால் முடிகிறவரை சுடுவார்கள்.

ஆனாலும் கேம் பெட்டி வந்த இந்த ஒரு வாரமாக அவன் கை நீளவில்லை. வேலை விட்டு வந்ததும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, பட்டறைக் கூட்டாளிகள் மூவரோடு சண்டையில் இறங்கிவிடுவான். எல்லாரும் பின் தெருக்காரர்கள்தான். அவரவர் வீட்டிலிருந்தே ஆடினார்கள். அவள் முழங்கையில் கன்றிப்போன இடம் மஞ்சளாகி மங்கத் தொடங்கியிருந்தது.

அவள் யாரிடமும் சொல்லாமல் இல்லை. போன மாதம் பட்டறைக்கே போய் கரடி என்று எல்லாரும் கூப்பிடும் மேஸ்திரியிடம் சொன்னாள். கரடி விழுந்து விழுந்து சிரித்தார். "வெல்லமா? எறும்பு மொய்ச்சாக்கூட ஊதித்தானே விடுவான்! புருஷன் பொண்டாட்டி சண்டையப் பெருசாக்காத தங்கச்சி." அன்று வீட்டில் அதற்கும் சேர்த்து வாங்கினாள்.

"இடப்பக்கம் வாங்கடா! கரடிண்ணே, குனிங்க, குனிங்க!" என்று கத்திக்கொண்டிருந்த வெல்லம் திடீரென்று சிரித்தான். "ஏய், உன் குக்கர் கரடிண்ணன் வீட்டுல விசிலடிக்குதாம்டி! அவருக்குப் பசி வந்துடுச்சாம்."

அவள் அடுப்பை அணைத்தாள். அவன் வாயருகே நீண்டிருந்த ஹெட்செட் மைக்கைப் பார்த்தாள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து, அவனுக்கும் திரைக்கும் நடுவே நின்று நீட்டினாள்.

"நகருடி!"

அவள் நகர்வதற்குள் திரையில் அவன் ஆள் தலையில் குண்டு பாய்ந்து விழுந்தான். மற்ற மூவரும் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வெல்லம் ஹெட்செட்டைக் கழற்றிச் சோபாவில் எறிந்தான்.

"உன்னாலதான்டி செத்தேன்."

முதல் அடி காதோடு சேர்ந்து விழுந்தது. டம்ளர் பறந்தது. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். உதடு கிழிந்து அவள் வாய்க்குள் ரத்தம் கரித்தது. அறைக்குள் ஓடி ஒளிகிறவள் இன்று ஓடவில்லை. தவழ்ந்துபோய்ச் சோபாவைப் பிடித்துக்கொண்டாள்.

எப்போதும் பல்லைக் கடித்துக்கொள்கிறவள் வாய்விட்டுக் கத்தவும் செய்தாள். "கதவத் தாழ் போட்டுட்டு அடிக்கிறீங்களே! கைய முறுக்காதீங்க, உடையுது!"

"கத்து. நல்லாக் கத்து. இந்தச் சத்தத்துல எவன் காதுல விழும்?" அவன் இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவினான். அது முதுகில் விழுந்த ஓசையைத் துப்பாக்கிகள் விழுங்கிக்கொண்டன.

"பெல்ட்டால அடிக்கிறீங்க... முதுகு கிழிஞ்சு ரத்தம் வருது... கழுத்த விடுங்க, மூச்சு முட்டுது..."

"என்னடி, வர்ணனையா பண்றே?" மூச்சு வாங்க அவன் சிரித்தான். மறுபடியும் ஓங்கினான். பக்கிள் அவள் தோளைப் பிய்த்துக்கொண்டு திரும்பியது.

அப்போதுதான் துப்பாக்கிச் சத்தம் அடங்கியிருப்பது அவன் காதுக்கு எட்டியது. திரும்பிப் பார்த்தான். திரையில் கூட்டாளிகள் மூவரும் சுடாமல், ஓடாமல், நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார்கள். எதிரிகள் வந்து ஒவ்வொருவராகச் சுட்டுத் தள்ளினார்கள். ஒருவரும் திருப்பிச் சுடவில்லை.

"இவனுங்களுக்கு என்ன கேடு?"

பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டான். அவள் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்த ஹெட்செட்டை எடுத்து மாட்டினான். குரலில் வெல்லம் வந்துவிட்டது. "கரடிண்ணே, என்னண்ணே, ஆடிக்கிட்டே தூங்கிட்டீங்களா?"

அந்தப் பக்கம் கரடி பேசினார்.

"தங்கச்சி சொன்னப்ப நான் நம்பலடா. பசங்க ரெண்டு பேரும் உன் வாசலுக்கு வந்துட்டானுங்க, கதவத் திற."