எட்டாவது வளைவில் ஹீட்டர்

ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குள் ஹீட்டர் ஒன்று இருந்தது. வேர்த்துக் கொட்டும் ஊரில் அதை யார் போடுவார்கள்? வெறும் சுமை, கழற்றி எறிய வேண்டியதுதான் என்று முதலாளி சொன்னதிலிருந்து அதற்கு உள்ளுக்குள் உதறல்.

"சும்மாவே உட்கார்ந்து வர்றியே, உனக்கே நல்லாயிருக்கா?" என்று ரேடியேட்டர் விசிறி சீண்டும்.

ஒரு மதியம் முதலாளி காரை மலைப்பாதையில் ஏற்றினார். எட்டாவது வளைவில் எஞ்சின் கொதித்தது; சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது.

"என்னால முடியலண்ணே!" என்று விசிறி அலறியது.

"நான் காலிடா" என்று எஞ்சின் முனகியது.

வேறு வழி தெரியாத முதலாளி கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஹீட்டரின் குமிழை முழுக்கத் திருகினார்.

"சூட்டை இங்கே தள்ளுண்ணே!" என்று ஹீட்டர் கூவியது. முதலில் தூசியைத் தும்மியது. பிறகு எஞ்சினின் சூட்டையெல்லாம் வாங்கி முதலாளியின் முகத்தில் ஊதியது. முள் மெல்ல இறங்கியது.

"உன்னையா கழற்றப் பார்த்தேன்!" என்று முதலாளி சட்டை நனையச் சிரித்தார்.

"அண்ணே, போதும். ஆளு இட்லியா வேகுறாரு" என்றது விசிறி.

"கொஞ்சம் வேகட்டும்ப்பா" என்றது ஹீட்டர். "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."