வயர் வேண்டாம்

"போயும் போயும் பொன்னுரங்கத்தோட கூட்டா? எச்சக் கையால காக்கா ஓட்டாத ஆளாச்சே!" என்று காலையிலேயே தலையில் அடித்துக்கொண்டாள் செந்தமிழ்ச்செல்வி.

அவள் கணவன் அறிவுச்செல்வனுக்கு வேறு வழி? இப்போது வருகிற கார்களில் ஸ்கேனர் இல்லாமல் கோளாறு பிடிக்க முடிவதில்லை. சங்கராபுரம் ரோட்டில் அவன் ஷெட்டைத் தாண்டி வண்டிகள் சேலத்துக்குப் பறந்துகொண்டிருந்தன. தனியாக வாங்க அவனுக்கும் கட்டுப்படியாகாது, எதிர் ஷெட் பொன்னுரங்கத்துக்கும் ஆகாது.

அதைவிட, ஊர்த்தெரு மனுஷர் ஒருவர் காலனிக்காரனான தன்னோடு பங்கு சேருகிறாரே என்று அவனுக்கு உள்ளூரப் பெருமை.

ஸ்கேனர் விற்க வந்தவர் இரண்டை எடுத்து வைத்தார்.

"இது வயர் வெச்சது. வண்டியில சொருகிட்டு, சீட்ல உக்காந்தே பாக்கணும். இன்னொண்ணுக்கு வயர் கிடையாது. பிளக்க மாட்டிட்டா, டேப்லெட்ட கையில வெச்சிக்கினு தள்ளி இருந்தே பாக்கலாம். விலைதான் ஜாஸ்தி."

"வயர் வெச்சதே போதும்ணே. ரெண்டும் ஒரே வேலதான் செய்யுது" என்றான் அறிவு.

"இன்னா தம்பி நீ! வாங்கறதுதான் வாங்கறோம், நல்லதா வாங்குவோம். ஜாஸ்தி ஆவறத நான் போட்டுக்கறேன்" என்றார் பொன்னுரங்கம்.

அறிவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷரையா கருமி என்றாள்? வீட்டுக்குப் போய் அவளை ஒரு பிடி பிடிக்க வேண்டும்.

மறுநாளே கல்வராயன் மலையிலிருந்து ஒரு வாடகை ஜீப் வந்தது, இன்ஜின் விளக்கு அணையாமல். ஸ்கேனர் பொன்னுரங்கத்திடம் இருந்தது. அறிவு உற்சாகமாக ஜீப்பை அவர் ஷெட்டுக்குள் திருப்பினான்.

"அங்கியே நிறுத்து! அங்கியே நிறுத்து!"

பதறிக்கொண்டு வந்த பொன்னுரங்கம் பிளக்கை பானெட் மேல் வைத்துவிட்டு, டேப்லெட்டோடு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"மாட்டிட்டு வெளியவே நில்லு. நான் பாத்துச் சொல்றேன்."

"நானும் பாத்தாத்தானேண்ணே தெரியும்? பக்கத்துல வரேன்..."

"வேணாம், வேணாம்!"

பங்கு போட்டு வாங்கிய பொருளை எட்ட நின்று பார்க்க வேண்டுமாம்! அறிவுக்கு நெஞ்சு எரிந்தது. "ஏண்ணே?" என்றான்.

பொன்னுரங்கம் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டு, அன்பாகத்தான் சொன்னார்.

"வயர் வெச்சத வாங்கியிருந்தா ரெண்டு பேரும் ஒரே வண்டியில ஒட்டிக்கினு உக்காரணும். எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, வூட்ல ஒத்துக்க மாட்டாங்க. அதுக்குத்தான ஜாஸ்தி போட்டு இத வாங்குனேன்!"