துண்டுக்குள் பேரம்

விரல் ஒன்று ஒரு ரூபாய். செங்கற்பட்டுத் தோல் கடைகளில் துண்டுக்குள் கைபிடித்துப் பேசும் பேரத்தில் அதுதான் கணக்கு.

கல்குவாரியில் இரும்பு வடம் இழுக்கும் சிங்காரம், உள்ளங்கையில் இரட்டைத் தோல் தைத்த கையுறைகளை இடக்கையால் எடுத்து வைத்தான்.

"ஜோடி அஞ்சு ரூபா. நீ இன்னா தர்றே?" கடைக்காரர் ஜெயினுலாபுதீன் துண்டை விரித்தார்.

சிங்காரம் வலக்கையை உள்ளே நீட்டினான். தடவிப் பார்த்த கடைக்காரருக்குக் கோபம் வந்தது.

"ரெண்டா? பேஜாரு பண்ணாதே! அந்த விலைக்கு மெல்லிசு கீது, எடுத்துக்கினு போ."

"போன வருசம் அந்த மெல்லிசைத்தான் கெட்டின்னு என் தலையில கட்டினே பாய். வடம் அறுத்துச்சு!"

சிங்காரம் துண்டை உருவி எறிந்தான். அந்தக் கையில் இருந்ததே இரண்டு விரல்கள்தான்.

இரண்டு ரூபாயை மேஜைமேல் அறைந்தான்.

"ரெண்டு இதோ கீது. மூணு போன வருசமே குடுத்தாச்சு. அஞ்சும் நேராச்சு, கட்டிக் குடு!"