கொட்டாஞ்சேனை வகுப்பு

"மாஸ்க்கை மூக்குக்கு மேல இழுத்து விடும், அருந்ததி. ஆரும் கண்டாலும்!"

"இது நாலாந்தரம் சொல்லுறீங்கள். ஓட்டோவுக்குள்ள ஆர் என்னைப் பாக்கிறது?"

யோகநாதன் தொப்பியை இன்னும் கீழே இறக்கிக்கொண்டார். ஓட்டோ கொழும்பின் காலி வீதி நெரிசலுக்குள் ஊர்ந்தது.

மகன் பிரசாந்துக்கு இருபத்தொரு வயது. மேல்வீட்டு ஆட்கள் சுவருக்குள்ளால் தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று மூன்று மாதங்களுக்கு முன் திடீரென்று சொல்லத் தொடங்கினான். ஆஸ்பத்திரியில் சேர்த்து, இப்போது மருந்தோடு வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால், "ஒருத்தரும் கதைக்கேல்லை, விசர்க்கதை கதையாதை!" என்று தகப்பன் கத்திய நாளில் இருந்து அவரோடு பேச்சில்லை. அவனோடு எப்படிக் கதைப்பது என்று வீட்டாரும் படிக்க வேண்டும் என்று டொக்டர்தான் இந்த மாலை வகுப்பைப் பற்றிச் சொன்னார்.

"இதே வகுப்பு வெள்ளவத்தையிலயும் இருக்கு. வீட்டில இருந்து அஞ்சு நிமிஷ நடை," என்றாள் அருந்ததி.

"அந்த அஞ்சு நிமிஷத்தில அம்பது பேர் விசாரிப்பினம். கொட்டாஞ்சேனையில எங்களை ஒரு காகத்துக்கும் தெரியாது. தெரிஞ்ச முகம் ஒண்டைக் கண்டால் நான் திரும்பி வந்திடுவன். பிறகு நீர் தனியத்தான் போகவேணும்."

"எங்க போறம் எண்டு மேல்வீட்டுக் கிருஷ்ணராஜ் கேட்டதுக்கு என்ன சொன்னீங்கள்?"

"சிங்களம் படிக்கப் போறம் எண்டன்."

"முப்பது வருஷம் கொழும்பில இருந்துபோட்டு இப்பவோ?" அருந்ததிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்பினவரோ?"

"ஓம். தானும் மனிசியும் நீச்சல் பழகப் போகினமாம்."

மண்டபம் நிரம்பியிருந்தது. வகுப்பு நடத்தும் றோஸி, கொட்டாஞ்சேனைப் பெண், யோகநாதனையே முதலில் எழுப்பினாள்.

"அங்கிள், நான்தான் இப்ப உங்க மகன். சரியா?" என்றவள் முகத்தைச் சுருக்கிக்கொண்டாள். "அப்பா, மேல்வீட்டில என்னைப் பத்திப் பேசுறாங்க!"

"ஒருத்தரும் கதைக்கேல்லை!"

வகுப்பே சிரித்தது.

"அவருக்கு உண்மையாவே கேக்குது, அங்கிள். இல்லன்னு சண்டை பிடிக்கவும் வேணாம், ஆமான்னு ஒத்துக்கவும் வேணாம். அவர்ட பயத்தைப் பத்திப் பேசுங்க. இன்னொருக்கா!"

யோகநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை, அப்பன். ஆனா உனக்குக் கேக்கேக்க பயமாத்தானே இருக்கும். நான் உன்னோட இருக்கிறன்."

கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. பின்வரிசையில் ஒருவர் மட்டும் கைதட்டினார்.

"அருமை, யோகன் அண்ணை!"

தன் பெயரைக் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினார். மேல்வீட்டுக் கிருஷ்ணராஜ். பக்கத்தில் அவர் மனைவி.

யோகநாதன் வாசலை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்.

"போகாதேங்கோ அண்ணை," கிருஷ்ணராஜ் குறுக்கே வந்து நின்றார். "எங்கட மூத்தவளுக்கும் இதுதான். நாலு மாசம். உங்களை மாதிரிச் சொல்ல எனக்கு இன்னும் வருகுதில்லை. இன்னொருக்காச் சொல்லிக் காட்டுங்கோவன்."

யோகநாதன் நின்றார். அவரைப் பார்த்தார். பிறகு மெல்ல வந்து கதிரையில் இருந்தார்.

"நீச்சல் எப்பிடிப் போகுது?"

"உங்கட சிங்களம் மாதிரித்தான்."

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். யோகநாதன் றோஸியிடம் தாழ்ந்த குரலில், "பிள்ளை, நாங்கள் ரெண்டு குடும்பமும் வெள்ளவத்தை. இது வெளியில போகாமப் பாத்துக்கொள்ளுங்கோ," என்றார்.

றோஸி சிரிப்பை அடக்கிக்கொண்டு வகுப்பைப் பார்த்தாள். "வெள்ளவத்தை ஆளுங்க கையைத் தூக்குங்க!"

மண்டபம் முழுக்கக் கைகள் உயர்ந்தன.

"அப்ப கொட்டாஞ்சேனை ஆக்கள் ஒருத்தருக்கும் இந்த வகுப்புத் தேவையில்லையோ?" என்று கேட்டார் யோகநாதன்.

"தேவையில்லாமலா? அவங்க எல்லாரும் வெள்ளவத்தை வகுப்புக்குப் போயிட்டாங்க, அங்கிள்!"