இடப்பக்கம் இழுத்த வண்டி

கணினிப் பந்தய விளையாட்டில் கார்கள் உண்மையான கார்களைப் போலவே ஓடும்படி செய்வது அவனுடைய வேலை. அண்ணன் வைத்திருந்த அதே வகைக் காரையும் அவனே அதில் சேர்த்திருந்தான்.

அண்ணனிடம் ஒரு நாள் இரவல் வாங்கிய காரை அவன் சாலையோரக் கல்லில் மோதிவிட்டான். அதன்பின் பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. அதைப் பற்றி மூச்சு விடாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். மறுவாரம் அதே காரில் போன அண்ணன் ஒரு வளைவில் சாலையை விட்டு விலகி இறந்துபோனார்.

"அச்சு அசலா இருக்கு சார். பிரேக் போட்டா இடப்பக்கம் இழுக்கறதுகூட அப்படியே நிஜ வண்டி மாதிரி," என்றாள், விளையாட்டைச் சோதித்துப் பார்ப்பவள்.

அவன் அப்படி எதையும் அமைக்கவில்லை. இரு பக்கச் சக்கரங்களின் பிரேக் விசைக்கும் ஒரே எண்தான் இருந்தது. காரை அழித்துவிட்டுப் புதிதாகச் செய்தான். அதுவும் இழுத்தது.

இனியும் மறைக்கலாகாது என்றெண்ணி அண்ணியை அலுவலகத்துக்கு அழைத்து, விளையாட்டு ஸ்டியரிங்கின் முன் அமர்த்தினான்.

"எனக்கு ஸ்கூட்டரே தகராறு, இதுல பந்தயம் வேறயா?" என்றபடியே அண்ணி ஓட்டினார். முதல் வளைவில் பிரேக்கை மிதித்ததும் வண்டி இழுத்தது.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தெரியும் தம்பி. 'எங்கேயோ இடிச்சிருக்கான். கேட்டா முகம் வாடிப்போயிடும், நானே பாத்துக்கறேன்'னு உங்கண்ணன் சொன்னாரு."

கண்களைத் துடைக்க அண்ணி இரு கைகளையும் எடுத்தார். கால் மட்டும் மறுபடி பிரேக்கை மிதித்தது. ஸ்டியரிங் தானாகச் சற்றே வலப்பக்கம் திரும்பி, அப்படியே அசையாமல் நின்றது. வண்டி கோடு பிசகாமல் நேராகச் சென்று ஓய்ந்தது.