வெள்ளைக் கோடு

இன்ஜினின் வயிற்றில் அண்ணி போட்டிருந்த வெள்ளைக் கோடு, குடித்தவன் நடையைப்போல மேலும் கீழுமாகப் போயிருந்தது. செயலாளர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

"எப்படி இருக்கு தம்பி? காலையிலதான் போட்டேன். இன்னும் ஈரம்கூடக் காயல."

"உங்க கை பட்டதே போதும் அண்ணி. அண்ணனே வந்து போட்ட மாதிரி இருக்கு."

கூடப்பிறந்த அண்ணன் இல்லை. மாதிரி ரயில் கட்டுகிறவர்களின் கிளப்பில் மூத்தவர். இன்ஜின்காரர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். போன மாதம் தன் வீட்டின் இதே அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் உயிரோடிருந்த வரை கிளப் கண்காட்சியில் முதல் பரிசு அவருக்கு, இரண்டாவது செயலாளருக்கு. அதை மாற்ற யாராலும் முடிந்ததில்லை.

இன்ஜின்காரர் செய்த நீல ரயில்பெட்டிகள் மேஜைமேல் வரிசையாக நின்றன. நகத்தளவு ஜன்னல்கள், அதற்குள் திரைச்சீலைகள். கிளப் தலைவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, அவற்றையெல்லாம் செயலாளரிடமே ஒப்படைப்பதாக அண்ணி சொல்லி அனுப்பியிருந்தாள்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலை உப்புத்தாள்தான் என்று செயலாளர் முடிவு செய்திருந்தார். அந்த நீலத்தைத் தகரம் தெரியத் தேய்த்து எடுத்துவிட்டுத் தன் பச்சையை அடிக்க வேண்டும். வருஷா வருஷம் கீழே உட்கார்ந்து கைதட்டியதற்கு அப்போதுதான் மனசு ஆறும்.

"அந்தக் கடைசி இன்ஜினை யாருக்குத் தூக்கிக் குடுத்தாரோ தெரியல" என்றாள் அண்ணி. "தேடாத இடமில்ல. பெட்டிங்க மொட்டையா நிக்கக்கூடாதேன்னு பரண்ல கிடந்த பழசுக்கு அதே மாதிரி கறுப்பு அடிச்சு, கோடு போட்டு வெச்சேன்."

"அவருக்கு இளகின மனசு. யாராவது கேட்டிருப்பாங்க, குடுத்திருப்பார்."

மேஜையின் ஓரத்தில் ஒரு மெல்லிய தூரிகை விறைத்துக் கிடந்தது. நுனியில் சிவப்பு காய்ந்திருந்தது. சாப்பிடக் கூப்பிட்டால்கூடத் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் எழுந்து போவார் இன்ஜின்காரர். செயலாளர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"டாக்டர் இன்னமும் சொல்றார் தம்பி. பக்கத்துல ஒரு ஆள் இருந்து, ஒரு ஃபோன் போட்டிருந்தா பொழச்சிருப்பாராம்."

"அன்னைக்குன்னு பார்த்து நான் ஊர்ல இல்லாமப் போயிட்டேனே அண்ணி. பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன்." எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி, அந்த வாக்கியம் இப்போது அவர் வாயில் வழுக்கிக்கொண்டு வந்தது.

அண்ணி தலையாட்டினாள். "சரி, அதை விடுங்க. நாளைக்குக் கண்காட்சியில இந்த இன்ஜினை முன்னால வெச்சு, அவர் பேரையும் போட்டுடுவோமா? நீங்க பார்த்துச் சரின்னா சரி."

அடுத்தவர் இன்ஜினில் ஒரு திருகாணி இடம் மாறியிருந்தாலும் மைக்கைப் பிடித்துச் சொல்லாவிட்டால் செயலாளருக்குச் சோறு இறங்காது. ஆனால் இன்று நாக்கைக் கடித்துக்கொண்டார். இந்த லட்சணத்திலேயே போகட்டும். இன்ஜின்காரர் பெயரை வாசித்துவிட்டு எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கட்டும்.

"அச்சு அசல் அண்ணி. ஒரு குறையும் இல்ல."

அண்ணி தலைவரைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர் சொன்னது சரியாத்தான் இருக்கு. செயலாளருக்குக் கை இருக்கு, கண்ணுதான் இல்ல, அதனாலதான் ரெண்டாவதுலயே நிக்கிறார்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த தலைவரும் சிரித்துவிட்டார்.

செயலாளரின் காது மடல் சூடேறியது. செத்தும் விட மாட்டேனென்கிறானே.

"கண்ணு இல்லையாமா எனக்கு?" என்றார். "வெள்ளையே இல்ல அண்ணி இது. சிவப்பு. இப்படித் தடியாவும் இருக்காது, நேராவும் போகாது. புகைபோக்கிக்குக் கீழ ரெண்டாப் பிரிஞ்சு, டிரைவர் ஜன்னலுக்குக் கீழ வந்து திரும்ப ஒண்ணாச் சேரும். முடி கனம்தான் இருக்கும். பாவம், உங்க மனசு நோகக்கூடாதேன்னு பேசாம இருந்தேன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு நிறைந்துபோயிருந்தது.

"எங்க பார்த்தீங்க தம்பி?"

"கிளப்புலதான். கடைசிக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தாரே. எல்லாருமே பார்த்தோம். என்ன தலைவரே?"

தலைவர் பத்திரிகையை மடித்து வைத்தார். "அன்னைக்கு அது வெறும் கறுப்புப்பா. கோடு என்ன கலருன்னு நானே கேட்டேன். முடிச்சுட்டுக் காட்டுறேன்னு சொல்லிட்டுப் போனார். மறுநாளே போய்ச் சேர்ந்துட்டார்."

செயலாளர் உதட்டை நனைத்துக்கொண்டார். விறைத்துக் கிடந்த அந்தத் தூரிகைமேல் அவர் கண் தானாகப் போய் நின்றது.

அண்ணி ஒரு துணியை எடுத்தாள். கோணல் கோட்டை ஒரே இழுப்பில் துடைத்தாள். வெள்ளை மொத்தமும் துணியோடு வந்துவிட்டது.

"நான் மருந்துக் கடைக்குக் கிளம்புறப்பதான் சிவப்பு டப்பாவைத் திறந்தார்" என்றாள். "திரும்பி வந்தப்ப அவர் கீழ கிடந்தார். இன்ஜின் இல்ல."

துணியை மடித்து மேஜைமேல் வைத்தாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"எடுத்துட்டுப் போறப்ப கோடு காய்ஞ்சிருந்துச்சா தம்பி?"